காப்பிக் கலர் பாலம்

அன்புள்ள குருவிக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை, நம் தபால்தலைச் சங்கக் கூட்டத்துக்குப் பல் டாக்டரின் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் இருந்தவர்கள்: பல் டாக்டர், பூதக்கண்ணாடி சார், தையல் மாஸ்டர், நான், என் வீட்டுக்காரர். ஆக ஐந்து பேர். ஜன்னல் ஓரத்து நாற்காலி காலியாகவே இருந்தது. அது உன்னுடையது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் அதைச் சுற்றிப்போய் வேறு இடத்தில் உட்கார்ந்தார்கள்.

நலம் கேட்காமல் ஆளெண்ணிக்கொண்டு ஆரம்பிக்கிறாளே என்று சிரிப்பாய். எனக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் நீதானே. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அங்கே குளிர் கடுமை என்று செய்தியில் சொன்னார்கள். காலையில் சமையலறையில் சாமி அலமாரி முன்னால் நிற்கும்போது முதலில் என் பிள்ளைகள், அடுத்தது உன் முழங்கால். அந்த வரிசையை நான் இன்னும் மாற்றவில்லை.

இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் உன் மகன்தான் எடுத்தான். "அம்மா தூங்கறாங்க ஆன்ட்டி" என்றான். அங்கே நடுப்பகலாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டேன். பயணக் களைப்பு இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். போனில் என்றால் எனக்கும் சொல்ல வந்தது வரிசையாக வராது. எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் பூதக்கண்ணாடியின் சுற்றுப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா? அதைப் பற்றித்தான். தன்னிடம் மிஞ்சிய தபால்தலைகளை அந்தச் சின்னப் புத்தகத்தில் கட்டம் கட்டமாக ஒட்டி வீடு வீடாகச் சுற்ற விடுவார். பிடித்ததை விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம், எடுத்த கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது ஒன்றுதான் நம் சங்கத்துக்குச் சட்டம். இந்த முறை தையல் மாஸ்டரிடமிருந்து உனக்கு வந்தது, உன்னிடமிருந்து எனக்கு. போன மாதக் கூட்டத்தில் நான் அதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன்.

மனிதர் நில அளவை ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றாலும் அளப்பதை விடவில்லை, தெரியுமே. அங்கேயே உட்கார்ந்து, கண்ணில் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார். "என் ஆரஞ்சு எங்கம்மா?" என்றார். எட்டிப் பார்த்தேன். ஒரு பாலம், கீழே ஒரு படகு. காப்பிக் கலர். எனக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. "அதே பாலம்தானே சார் இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன்.

"பாலம் அதேதான்மா. ஆரஞ்சுல ஒரே ஒரு வருஷம் அச்சடிச்சாங்க, அப்புறம் கலரை மாத்திட்டாங்க. இந்தக் காப்பிக் கலரு கிலோ கணக்குல கிடைக்கும். இதை வெச்சு என் பேரன் நோட்டுக்கு அட்டையே போடுவேன். மாஸ்டர் வீட்டுக்குப் போறப்ப இது ஆரஞ்சு" என்றார். தையல் மாஸ்டர் உடனே, "ஆமாக்கா, நானே பார்த்தேன். ஆரஞ்சுதான். ரெண்டு சட்டைக் கூலி கேட்டாரு, அதான் விட்டுட்டேன்" என்றார்.

நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்றேன். அதைச் சொன்னபோது எனக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. பூதக்கண்ணாடி விடுவாரா? "ஸ்டாம்பு சேர்க்கிறவங்க கையில சுற்றுப் புத்தகம் ஒரு மாசம் இருந்துதாம். திறந்துகூடப் பார்க்கலையாம். கேட்டீங்களா டாக்டர்?" என்றார்.

ஏன் திறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கடைவாய்ப் பல்லுக்கு உறை போட்டதில் அந்த மாதக் கணக்கு இடித்தது. அதைக் கேட்டுவிட்டு நீதான், "இதுல உருப்படியா ஒண்ணும் இல்லடி. பிரிச்சா ஆசை வரும், ஆசை வந்தா கணக்கு உதைக்கும். அப்படியே வெச்சிருந்து கொடுத்துடு" என்றாய். நானும் கேட்டுக்கொண்டேன். மன உறுதியைக் கொடு என்று வேண்டிக்கொண்டு, வீட்டிலேயே பத்திரமான இடம் என்று சாமி அலமாரியில் வைத்தேன். என் ஆல்பமும் அங்கேதான் இருக்கிறது.

அன்றைக்குப் பல் டாக்டர்தான் என்னைக் கரையேற்றினார். புத்தகத்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அங்கே ஊதுவத்தி கொளுத்துவீங்களா? தீப்பெட்டி இருக்குமா?" என்றார். இரண்டு வேளையும் கொளுத்துகிறேன், தீப்பெட்டி அங்கேயேதான் கிடக்கும் என்றேன். அவர் பூதக்கண்ணாடி பக்கம் திரும்பி, "ஆரஞ்சு மை கந்தகப் புகை பட்டா கறுத்துப் போகும் சார். நானே பார்த்திருக்கேன். அவசரப்பட்டுப் பேசாதீங்க. நாம வாய் கொப்பளிக்கக் கொடுக்கிற நுரை மருந்து இருக்கே, பெராக்சைடு, அதோட ஆவியில வெச்சா பழைய கலரு திரும்பும். அடுத்த கூட்டத்துல வெச்சுப் பார்த்துடலாம்" என்றார். மாஸ்டர், "சாமிக்குக் காட்டின தூபம் ஸ்டாம்புக்கும் போயிடுச்சு, அவ்வளவுதானேக்கா!" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். பூதக்கண்ணாடிகூட உதட்டோரத்தில் சிரித்தார். நானும் சிரித்தேன். பொருளைக் கெடுத்தவள் என்ற பெயர் போதும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று அன்றைக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி மறுநாள் காலை வரைதான். அலமாரியைத் துடைக்கும்போது என் ஆல்பத்தை எடுத்துப் பிரித்தேன். முதல் பக்கம். நீ கொடுத்த பாலம்.

நீ கிளம்புகிற அன்று வாசலில் டாக்சி நிற்க, உன் மகன் பெட்டியை ஏற்றிக்கொண்டிருக்க, நீ ஒரு மெல்லிய காகித உறையை என் கையில் திணித்தாய். உள்ளே சின்ன அட்டையில் ஒட்டி அந்த ஆரஞ்சுப் பாலம். "எல்லாப் பாலமும் உன்னோடதுதான். இது முதல் பக்கத்துல இருக்கட்டும்" என்றாய். நான் அழுதேன். டாக்சிக்காரர் ஹார்ன் அடித்தார். எங்கே கிடைத்தது என்று கேட்கத் தோன்றவில்லை. யாராவது அன்போடு கொடுப்பதை அப்படிக் கேட்பார்களா? என் தபால்தலைக் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் நேராக எங்கே வாங்கியது, என்ன விலை என்று எழுதி வைப்பேன், அது உனக்குத் தெரியும். அதற்கு நேராகக் குருவி கொடுத்தது என்று மட்டும் எழுதினேன். விலைக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

அந்தப் பாலம் அதே அலமாரியில், அதே புகையில், அத்தனை நாளும் இருந்திருக்கிறது. உரித்த ஆரஞ்சுப் பழம் மாதிரி பளிச்சென்று இருந்தது.

ஆல்பம் மூடியிருந்தது, புத்தகம் மேலே கிடந்தது, அதனால் புகை அதற்கு மட்டும் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மை வேறாக இருக்கலாம், காகிதம் வேறாக இருக்கலாம். ஒரு மாதம் முழுக்க இதையே சொல்லிக்கொண்டு சமைத்தேன், துவைத்தேன், வேண்டினேன். தனக்கென்று எதுவும் கேட்காதவள் இந்த மாதம் ஒரு நிறத்துக்காக வேண்டினேன் என்றால் பார்த்துக்கொள்.

இங்கே மற்ற சங்கதிகளும் சொல்லிவிடுகிறேன். நீ குடியிருந்த வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது, நிறுத்த ஆளில்லை. என் வீட்டுக்காரர்தான் ஏறிப்போய்க் குழாயை அடைத்துவிட்டு வந்தார். தையல் மாஸ்டர் கார் போட்ட தபால்தலைகளை விட்டுவிட்டு இப்போது பூப் போட்டவை சேர்க்கிறார். "சட்டையில பூப் போட்டுப் போட்டு அதுலயே மனசு போயிடுச்சுக்கா" என்கிறார். என் பல் உறை ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது. பல்வலிக்குப் போன நாம் இரண்டு பேரும் தபால்தலையோடு திரும்பி வந்தோமே, அதை டாக்டர் இன்னமும் புது ஆட்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு தபால்தலைகள் பரப்பிக் கிடந்த அந்த மேஜையை நீ எட்டிப் பார்த்ததும், பள்ளிக்கூடத்தில் சேர்த்ததையெல்லாம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், புதிதாக ஆரம்பிப்போம், "உனக்குப் பாலம், எனக்குப் பறவை" என்று நீ பஞ்சோடு குழறினதும் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. ஊர் தாண்டிப் போகாதவளுக்குப் பாலம் எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டபோது, "அதுக்குத்தான் அண்ணா பாலம்" என்று எனக்காகப் பதில் சொன்னவளும் நீதான். அதற்குப் பிறகு பாலம் பாலமாகத் தேடி, வரைபடம் பார்த்து, எழுத்துக் கூட்டி ஊர்ப் பெயர் படித்து, நான் கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை. இந்த வயதில் எனக்கென்று ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தவள் நீ. இதையும் நான் மறக்கவில்லை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்று நடந்ததற்கு வருகிறேன்.

வீட்டுக்காரர் எப்போதும் வெளியே நின்று கூட்டிக்கொண்டு போகிறவர், நேற்று உள்ளேயே வந்து உட்கார்ந்தார். "ஒட்டின ஸ்டாம்பைப் பிச்சு எடுத்துத் திரும்ப ஒட்டறதுக்கு ஒரு சங்கம்" என்று நம்மைக் கேலி செய்கிற அதே மனிதர்தான். போன மாதம் நடந்ததைக் கேட்டதிலிருந்து அவருக்குக் கொதிப்பு. பஸ் டெப்போவில் மேலதிகாரியைப் பார்க்கப் போகிற மாதிரி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்தார்.

டாக்டர் ஒரு கண்ணாடித் தட்டில் பஞ்சை வைத்து மருந்தைச் சொட்டினார். தபால்தலையை அதன் மேல் படாமல் ஒரு வலையில் வைத்து மூடினார். காத்திருந்தோம். பல் பிடுங்க வந்தவர்கள்கூட அந்த அறையில் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். மாஸ்டர் அடிக்கடி எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார். "லேசா மாறுதோ?" என்றார். பிறகு, "வெளிச்சம் அப்படிக் காட்டுது" என்று உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவரும் எழவில்லை. டாக்டர் மூடியைத் திறந்தார். காப்பிக் கலர் காப்பிக் கலராகவே இருந்தது.

பூதக்கண்ணாடி இடுக்கியால் அதை எடுத்துக் கவிழ்த்தார். "இதை நான் முதல்லயே பார்த்திருப்பேன். உங்களுக்கெல்லாம் ஒரு மரியாதை கொடுத்துத்தான் சும்மா இருந்தேன். என் ஸ்டாம்பு ஒவ்வொண்ணுக்கும் பின்னால மூலையில பென்சில்ல ஒரு முக்கோணம் இருக்கும். எள்ளு அளவு. நில அளவைக் கல்லுக்குப் போடற குறி. இதுல இருக்கா, நீங்களே பாருங்க" என்று ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டினார். இல்லை. புத்தகத்திலிருந்த மற்றவற்றில் இரண்டைக் கழற்றிக் காட்டினார். இருந்தது.

"மாஸ்டர் கையை விட்டு ஆரஞ்சாப் போயிருக்கு. அப்புறம் ரெண்டே பேர் கை. ஒருத்தங்க கடல் தாண்டிப் போயிட்டாங்க. இன்னொருத்தங்க இங்கே உட்கார்ந்திருக்காங்க" என்றார். திருடி என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அது மேஜை மேல் கிடந்தது.

வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "இவ கையால ஒரு குண்டூசி இடம் மாறாது சார். முப்பது வருஷம் என் சம்பளம் இவ கையிலதான். கடைக்காரன் தப்பா அதிகமாக் கொடுத்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்க வெயில்ல நடந்தவ இவ. உங்க முக்கோணம் என் வீட்டுல இருக்குன்னா என் பேரை மாத்திக்கிறேன். வாங்க, அலமாரியைத் திறந்து காட்டறேன். ஆல்பத்தைப் பக்கம் பக்கமாக் காட்டறேன்" என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அடக்கத்தில் இழுக்கிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மாஸ்டர் சமாதானம் செய்கிறேன் என்று, "அப்ப அடுத்த மாசக் கூட்டத்தை அக்கா வீட்டுலயே வெச்சுக்குவோம். எல்லாரும் அக்காவோட பாலத்தைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, சாருக்குச் சந்தேகம் தீர்ந்த மாதிரியும் ஆச்சு" என்றார். பூதக்கண்ணாடி, "நான் தயார். இல்லைன்னா எல்லாச் சங்கத்துக்கும் பேரைப் போட்டு எழுதிடுவேன்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் கேட்காமல் கேட்டது எனக்குப் புரிந்தது. சரி என்று தலையை ஆட்டினேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, என் வீடு, என் ஆல்பம்.

வழியெல்லாம் வீட்டுக்காரர் பேசிக்கொண்டே வந்தார். அன்றைக்கு என்ன பலகாரம் வைக்கலாம் என்றுகூடக் கேட்டார்.

இன்று காலை அவர் டெப்போவுக்குப் போன பிறகு கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். கும்பிட்டுவிட்டு ஆல்பத்தை எடுத்தேன். நீ கொடுத்த பாலம் அட்டையில் ஒட்டியிருந்ததால் அதன் முதுகை நான் பார்த்ததே இல்லை. அதை அட்டையோடு பிடித்திருந்த ஒட்டுத் துண்டை நனைத்து, பொறுமையாக இடுக்கியால் தூக்கினேன்.

குருவி, எள்ளு அளவுதான். மூன்று கோடும் சரியாக இருக்கிறது.

சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது தெரியவில்லை. தீப்பெட்டி பக்கத்தில்தான் கிடந்தது. நகத்தளவு காகிதம், ஒரு குச்சி போதும். வீட்டுக்காரர் சொன்ன சொல் நின்றுவிடும், உன் பெயருக்கும் ஒன்றும் வராது. குச்சியை எடுத்தேன். எந்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்தேன். வைத்துவிட்டேன்.

அந்தப் படத்தை டாக்டரின் தபால்தலை விலைப் புத்தகத்தில் முதன்முதலில் பார்த்து, "ஐயோ, இந்த ஆரஞ்சு எவ்வளவு அழகு" என்று வாய்விட்டவள் நான்தான். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். இதைப் பற்றியும் நிறைய யோசித்தேன்.

இப்போது நான் முடிவு செய்திருப்பதைச் சொல்கிறேன். அன்றைக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னால், இடுக்கியால் அந்தப் பாலத்தை எடுத்துப் பூதக்கண்ணாடி முன்னால் வைப்பேன். இதில் மாற்றமில்லை. பொருள் அவருடையது. வீட்டுக்காரருக்கு முந்தின நாளே சொல்லிவிடுவேன். அவர் நாலு பேர் முன்னால் தெரிந்துகொள்ளக் கூடாது. ஆனால் இது என் கையில் எப்படி வந்தது என்று அவர்கள் கேட்பார்கள். அங்கேதான் நிற்கிறேன். எனக்குப் பொய் வராது. உன் பெயரைச் சொல்லவும் வாய் வராது. வாயை மூடிக்கொண்டு நின்றால் அது என் தலையில் விழும். என் தலையில் மட்டும் விழுந்தால் பொறுத்துக்கொள்வேன். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து நின்ற மனிதர் தலையிலும் விழும்.

பள்ளிக்கூடத்தில் நம் இரண்டு பேருக்கும் ஒரே தகரப் பெட்டி இருந்தது. ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும், அவ்வளவுதான் நம் சட்டம். கையெழுத்து, கட்டம் எதுவும் கிடையாது. அந்த ஞாபகத்தில், கிளம்புகிற அவசரத்தில், இங்கேயும் ஆரஞ்சை எடுத்த இடத்தில் உன் காப்பிக் கலரை வைத்துவிட்டாயா? அதே பாலம், அதே படகு, சரிக்குச் சரி என்று நினைத்துவிட்டாயா? கையெழுத்துப் போட மறந்தாயா? அப்படியென்றால் அப்படியே டாக்டருக்கு உன் கையால் எழுதிவிடு. பெரிய மனிதர், புரிந்துகொள்வார். அப்படி இல்லையென்றால் அதையும் எழுது. எனக்கு மட்டும் எழுது. உனக்குச் சாதகமாக நான் ஒன்றை ஜோடித்து உன் வாயில் வைத்ததாக இருக்கக் கூடாது. அதனால்தான் இரண்டையும் சொல்லிவிட்டேன்.

எதை எழுதினாலும் உன் முழங்கால் என் வேண்டுதலில் இரண்டாவது இடத்திலேயே இருக்கும். அங்கே வெயில் வருகிற நாளில் வெளியே நடந்து பார். மகனோடு அனுசரித்துப் போ. பறவைகளை விட்டுவிடாதே. இறைவன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தின் மேல் பாலம் போட்ட தபால்தலைதான் ஒட்டுகிறேன். புதுசு, தபால் நிலையத்தில் என் கண் முன்னால் கிழித்துக் கொடுத்தது. இது உன்னிடம் வந்து சேரவும், உன் பதில் திரும்பி வரவும் நாள் சரியாக இருக்கிறது, மிச்சமில்லை. கையில் கிடைத்த அன்றே உட்கார்ந்து எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன்
கணக்குப்பிள்ளை